தாத்தா எஸ்டீம் பஞ்சாயத்து

குழு: தண்டையார்பேட்டை வீடு

செவ்வாய்

நிர்மலா: காலை வணக்கம் 🙏 [முருகன் படம்]

நிர்மலா: மோகன், அப்பாவின் எஸ்டீம் காரைப் புதுப்பேட்டையில் உடைக்கக் கொடுக்கப் போகிறாயாமே?

நிர்மலா: காலடிப்பேட்டையில் காய் வாங்கும்போது ஊரார் வாயால் நான் கேட்க வேண்டியிருக்கிறது.

கவிதா: என்னது?? ஞாயிறு திருத்தணிக்கு அந்தக் காரில்தானே போகிறோம்

பிரபு: ?

மோகன்: யார் சொன்னது

நிர்மலா: யார் சொன்னால் என்ன. உண்டா இல்லையா

மோகன்: கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னேன் அக்கா. வீட்டுக்குள் சொன்னது

சுமதி: நான் யாரிடமும் சொல்லவில்லை அண்ணி. வாசலில் தண்ணீர் கேன் பையன் நின்றுகொண்டிருந்தான்

கவிதா: இந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தக் காரில் போய்த்தான் மொட்டை. எனக்கு, பிரபுவுக்கு, கார்த்திக்குக்கு. என் பிள்ளைக்கு மட்டும் வேனா?

கார்த்திக்: கவிதா, ஆசை எல்லாம் சரி. வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓட மாட்டேன் என்கிறது. நேற்று கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டிக்கொண்டேன். உதறி உதறி அணைந்து போகிறது. பின்னால் தண்ணீர் லாரி, ஹாரனை விடவே இல்லை

கார்த்திக்: [காணொளி 0:31]

கார்த்திக்: மெக்கானிக் கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார். கூலி எல்லாம் சேர்த்து 14,000

மோகன்: அந்தக் கோபத்தில்தான் சொன்னேன். போதுமா அக்கா

தணிகாசலம்: கார்த்தி, காணொளியை ஹெட்போன் போட்டுக் கேட்டேன். இது கார்புரேட்டர் கோளாறு மாதிரி தெரியவில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படி. பெட்ரோல் எஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல், ஓடும்போது த்ராட்டில் தகடு, அதாவது காற்று போகும் கதவு, கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன் கீழே இறங்கி இழுக்கும், காற்று வர வழி இருக்காது. அதனால் மேனிஃபோல்டுக்குள், அதாவது சிலிண்டருக்குக் காற்று போகும் குழாய்க்குள், வெற்றிடம் உண்டாகும். அந்த இழுப்பை நம்பித்தான் கார்புரேட்டர் ஐடிலுக்கு உண்டான பெட்ரோலை அளந்து விடுகிறது. மேனிஃபோல்டிலிருந்து நாலாபுறமும் ரப்பர் ஹோஸ் போகிறது. அதில் ஒன்று வெடித்தாலும் கார்புரேட்டருக்குத் தெரியாமல் காற்று உள்ளே நுழைந்துவிடும். ஓட்டை ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சினால் காற்றுதானே வரும், அந்தக் கதை. கலவையில் பெட்ரோல் குறைந்துவிடும். ஒரு சிலிண்டர் எரியும், ஒன்று எரியாது. வண்டி உதறும். ஆக்சிலேட்டரை மிதித்தால் தகடு திறந்து காற்று தாராளமாகப் போகும், அந்தக் கூட்டத்தில் ஓட்டைக் காற்று ஒரு கணக்கே இல்லை. அதனால் ஓடும்போது ஒழுங்காக இருக்கும், சிக்னலில் மானத்தை வாங்கும். உன் வண்டி அப்படித்தானே?

கார்த்திக்: அப்படியே

பிரபு: மாமா எழுதியது என் மொபைலில் ஒரு திரைக்கு மேல் போகிறது

மோகன்: அண்ணே, நீங்க லேலண்டில் டீசல் எஞ்சின் பார்த்தவர். இது பெட்ரோல்

தணிகாசலம்: எண்ணூரில் முப்பது வருஷம் பார்த்தது டீசல்தான், மறுக்கவில்லை. அந்த டீசலில் த்ராட்டில் தகடே கிடையாது, அதனால் மேனிஃபோல்டில் வெற்றிடமும் கிடையாது. அதற்காகத்தான் டீசல் கார்களில் பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கென்று தனியாக வேக்வம் பம்ப் வைக்கிறார்கள். இதைத் தெரிந்து வைத்திருப்பவனுக்குப் பெட்ரோல் எஞ்சின் புரியாதா மோகன்?

மோகன்: 🙏🙏

நிர்மலா: அப்பா ஹார்பரில் ரிடையர் ஆன பணம் அந்தக் கார். 97இல் அந்தப் பணத்துக்கு மணலியில் ஒரு மனை கிடைத்திருக்கும். நான் அன்றைக்கே சொன்னேன்

மோகன்: அக்கா ஆரம்பிக்காதே

நிர்மலா: ஆரம்பிக்கவில்லை. சொல்கிறேன்

சுமதி: மனை வாங்கியிருந்தால் அதற்கும் ஒரு குழு வேண்டியிருக்கும்

[சுமதி இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்]

கவிதா: அத்தை நான் படித்துவிட்டேன் 😂

தணிகாசலம்: கார்த்தி, ஒரு சோதனை. ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்று. எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது கார்புரேட்டர் வாயை ஒரு கெட்டி அட்டையால் பாதி மூடு. துணி வேண்டாம், உள்ளே இழுத்துவிடும். முகத்தைக் கிட்டே கொண்டு போகாதே. பாதி மூடினதும் உதறல் குறைந்து ஒழுங்காக ஓடினால் காற்று கூடுதல், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். மூடினதும் அணைந்தால் நான் சொன்னது தப்பு, மெக்கானிக்கிடம் போ.

கார்த்திக்: சாயங்காலம் பார்க்கிறேன் பெரியப்பா. ஆபீஸில் இருக்கிறேன்

நிர்மலா: பிரபு, டிக்கெட் போட்டாயா? தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை

பிரபு: லீவு இன்னும் வரவில்லை அம்மா. முதலாளி துபாயில் இல்லை

மோகன்: வரவில்லையென்றால் கார்த்திக் மடியில் வைத்துக்கொள்ளலாம்

நிர்மலா: முறை தெரிந்து பேசு. கார்த்திக் கவிதாவுக்கு மாமன் மகன். அவன் எப்படித் தாய்மாமன் ஆவான்?

கார்த்திக்: நான் வண்டியை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்

செவ்வாய், இரவு

கார்த்திக்: பெரியப்பா, பாதி மூடினேன். உதறல் நின்றுவிட்டது!! எடுத்தால் மறுபடி ஆரம்பிக்கிறது

தணிகாசலம்: சொன்னேனா. 14,000 ரூபாயைப் பையில் வை.

தணிகாசலம்: இன்னொன்று. போன தடவை புகைச் சோதனைச் சீட்டு இருக்கிறதா? அதில் சிஓ (கார்பன் மோனாக்சைடு), ஹெச்சி (ஹைட்ரோகார்பன், எரியாத பெட்ரோல்) என்று இரண்டு எண் இருக்கும்.

கார்த்திக்: இருக்கிறது. பாஸ்தான். சிஓ ரொம்பக் குறைவு, ஹெச்சி 1,400 பக்கம். பையன் அப்போதே வரம்பை ஒட்டி இருக்கிறது என்றான்

தணிகாசலம்: பார். அந்தக் காலத்துக் காருக்கு ஹெச்சி 1,500, சிஓ 3 சதவீதம் வரைக்கும் விடுவார்கள். பெட்ரோல் அதிகமாகப் போனால் சிஓ ஏறும். உனக்கு சிஓ இறங்கியிருக்கிறது, ஹெச்சி மட்டும் ஏறியிருக்கிறது. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே சைலென்சர் வழியாக வெளியே வருகிறது. சீட்டிலேயே வியாதி எழுதியிருக்கிறது, படிக்க ஆள் இல்லை.

கார்த்திக்: கார்ப் கிளீனர் ஸ்பிரே அடித்து ஓட்டையைக் கண்டுபிடிக்கலாம் என்று யூடியூபில் காட்டுகிறார்கள். வாங்கட்டுமா

தணிகாசலம்: வேண்டவே வேண்டாம். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அதை அடித்தால் பற்றிக்கொள்ளும். உன் அப்பா வேறு பக்கத்தில் நின்று சிகரெட் பிடிப்பான்.

சுமதி: சிகரெட்டா?

மோகன்: அண்ணே

சுமதி: விட்டாச்சு என்றீர்களே

தணிகாசலம்: துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கும் பாட்டில் போதும். நாளைக்கு நானே வருகிறேன். வெற்றிடத்தின் இழுப்பை அளக்கும் வேக்வம் கேஜ் பரணில் இருக்கிறது.

புதன்

தணிகாசலம்: விம்கோ நகரில் மெட்ரோ ஏறிவிட்டேன்.

நிர்மலா: அண்ணா, சுமதியிடம் சொல்லி மத்தியானம் அங்கேயே சாப்பிடுங்கள்

சுமதி: மீன் இல்லை அண்ணி. தடைக்காலம் ஜூன் 14 வரை. காசிமேட்டில் வஞ்சிரம் கண்ணிலேயே படவில்லை, ஃபைபர் போட்டில் வருகிற பொடி மீன்தான், அதுவும் யானை விலை

நிர்மலா: ஞாயிறு வரைக்கும் மீனே வேண்டாம். முருகன் கோயிலுக்குப் போகிற வீடு

மோகன்: எனக்கும் சேர்த்தா

நிர்மலா: உனக்குத்தான் முதலில்

(பகல் 12 மணிக்கு மேல்)

தணிகாசலம்: எல்லாரும் கவனியுங்கள். கேஜ் மாட்டியாச்சு. ஊசி ஆடாமல் 13 அங்குலத்தில் நிற்கிறது. கடல் மட்டத்து ஊரில் நல்ல எஞ்சின் 17லிருந்து 21 வரை காட்ட வேண்டும். ஊசி விட்டு விட்டுத் துள்ளி விழுந்தால் வால்வு என்று சந்தேகப்படலாம். இது துள்ளவில்லை, தாழ்ந்தே நிற்கிறது. ஒன்று காற்று நுழைகிறது, இல்லாவிட்டால் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், பின்தங்கியிருக்கிறது. டைமிங் விளக்கு வைத்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

சுமதி: பெரியவர் எங்கள் வீட்டு வராண்டாவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறார். காபி ஆறிப்போகிறது

தணிகாசலம்: முதலில் பிரேக். எஞ்சினை நிறுத்தி பெடலை நாலைந்து தடவை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்கியது. பூஸ்டர் நல்லபடியாக இருக்கிறது. அதன் ஹோஸை பிளையரால் நசுக்கியும் ஐடிலில் மாற்றம் இல்லை. திருத்தணி மலைப்பாதை இறங்கும்போது இதுதான் முக்கியம், அதனால் முதலில் பார்த்தேன்.

தணிகாசலம்: அடுத்து, சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சின்ன ஹோஸ். கழற்றி வாயால் உறிஞ்சினேன். உறிஞ்சி நாக்கால் அடைத்தால் நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்கவில்லை. உள்ளே இருக்கும் டயஃப்ரம் சவ்வு கிழிந்துவிட்டதோ என்று பயந்தேன். ஹோஸைத் தொட்டுப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ரப்பரே இல்லை.

தணிகாசலம்: [படம்]

கார்த்திக்: அய்யோ

கவிதா: என்ன அது, மீன் தொட்டிக் குழாயா?

தணிகாசலம்: கொளத்தூர் மீன் தொட்டிக் கடைச் சரக்கு. சூட்டில் காய்ந்து, மாட்டுகிற முனையில் வெடித்திருக்கிறது. யார் போட்டது என்று நான் கேட்கப் போவதில்லை.

பிரபு: மோகன் மாமா 😂😂😂

மோகன்: அவசரத்துக்குப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை

சுமதி: எந்த ஞாயிற்றுக்கிழமை? மீன் தொட்டி வைத்து நாலு வருஷம் ஆகிறது

கார்த்திக்: அப்போ இதுதான் கோளாறா பெரியப்பா?

தணிகாசலம்: இது பாதிகூட இல்லை. நல்ல ஹோஸ் போட்டு உறிஞ்சினேன், டயஃப்ரம் பிடித்து நிற்கிறது, பிழைத்தோம். ஆனால் ஊசி 14தான். அப்புறம் எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வால்வு மூடியிலிருந்து மேனிஃபோல்டுக்குக் கொண்டு போகும் பிசிவி ஹோஸ். அதை நசுக்கினால் நல்ல வண்டியிலும் ஐடில் கொஞ்சம் இறங்கும், அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. இங்கே நசுக்கினதும் உதறலே நின்றது. கழற்றிப் பார்த்தால் வளைவின் அடிப்பக்கம் ஆயிலில் ஊறி, பல்லி வால் நீளத்துக்குப் பிளந்திருக்கிறது. மேலே இருந்து பார்த்தால் தெரியாது. கிளிப்பைத் தொட்டதும் பொடியாக உதிர்ந்துவிட்டது. நம் ஊர்க் கடல் காற்றுக்குக் கிளிப் எத்தனை நாள் தாங்கும்?

கார்த்திக்: எம்சீல் வைத்து அடைத்துவிட்டு ஞாயிறு போய்வரலாமா

தணிகாசலம்: நீ உன் அப்பன் பிள்ளைதான்.

தணிகாசலம்: ஆயில் தாங்குகிற ஹோஸ் வேண்டும். இழுப்புக்கு உள்வாங்கி ஒட்டிக்கொள்ளாத கெட்டி ஹோஸ். ஜிபி ரோட்டில் கேள். பழைய துண்டைக் கையோடு எடுத்துப் போ, வாயால் அளவு சொல்லாதே.

நிர்மலா: யாராவது ஒருவர் சுருக்கமாகச் சொல்லுங்கள். கார் வருமா வராதா

கவிதா: வரும் போல அம்மா

மோகன்: இருக்கலாம்

வியாழன்

கார்த்திக்: ஹோஸ், கிளிப் எல்லாம் சேர்த்து 380. மாட்டியாச்சு. கேஜ் 16 காட்டுகிறது

கார்த்திக்: ஆனால் இப்போது ஐடில் ரொம்ப ஏறி நிற்கிறது, கத்துகிறது

தணிகாசலம்: பயப்படாதே. போன மாதம் அந்த மெக்கானிக் ஓட்டையைத் தேடாமல் ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி, பெட்ரோல் அளவை மாற்றும் மிக்ஸர் ஸ்க்ரூவைத் திறந்து உதறலை மூடி மறைத்திருக்கிறார். உன் மைலேஜ் விழுந்ததும் அதனால்தான். ஓட்டை அடைபட்டதும் அந்தத் திருகலெல்லாம் இப்போது அதிகப்படியாகத் தெரிகிறது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலைக் கீழே இறக்கு. அப்புறம் மிக்ஸர் ஸ்க்ரூவை மெதுவாக, கால் திருகு காலாகத் திருகி, கேஜ் அதிகமாகக் காட்டுகிற இடத்தில் நிறுத்து.

கார்த்திக்: சரி

தணிகாசலம்: 16 இன்னும் குறைவுதான். தெளிப்பான் பாட்டிலை எடுத்து கார்புரேட்டர் அடிப்பாகத்தைச் சுற்றி லேசாகத் தண்ணீர் அடி. ஓட்டை இருந்தால் தண்ணீர் அதை ஒரு நொடி அடைக்கும், எஞ்சின் சத்தம் மாறும். டிஸ்ட்ரிபியூட்டர் மேல் படாமல் பார்.

கார்த்திக்: [குரல் செய்தி 0:18]

கவிதா: எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, பின்னால் ஒரே ஹாரன்

கார்த்திக்: சத்தம் மாறுகிறது. டிரைவர் பக்கத்து மூலையில் மட்டும்

தணிகாசலம்: கார்புரேட்டருக்கு அடியில் காற்று கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போயிருக்கிறது. நட்டை இறுக்கினால் சரியாகிவிடும் என்று யாராவது ஏற்கெனவே முழு பலத்தோடு இறுக்கியிருப்பார்கள். அப்படிச் செய்தால் அடித்தட்டு வளைந்து, ஓட்டை பெரிதாகும். சனிக்கிழமை கழற்றி, இரும்பு ஸ்கேல் வைத்து வளைவு பார்த்துத்தான் புது கேஸ்கெட் போட வேண்டும்.

மோகன்: சனிக்கிழமை கழற்றி ஞாயிறு காலை நாலு மணிக்குக் கிளம்புவதா? மாட்டவில்லையென்றால்?

சுமதி: டயரையும் பாருங்கள். முன் டயர் இரண்டும் மொட்டை. பிள்ளைக்கு முன்னால் வண்டிக்கு அடித்துவிட்டார்கள்

நிர்மலா: கேஸ்கெட் இல்லாமல் இப்போது ஓடுகிறபடி ஓடி வர முடியாதா அண்ணா

தணிகாசலம்: ஓடும். எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் ரோட்டில் ஒன்றும் ஆகாது. மலையடியில் ஏறும் வரிசையில் நிற்கும்போதுதான் கேள்வி.

கவிதா: அப்போ நானும் பிள்ளையும் காரில். மற்றவர்கள் மின்சார ரயிலில். நடுவில் நின்றால் ரயிலில் வருகிறவர்கள் எங்களை ஏற்றிக்கொள்ளட்டும்

பிரபு: ரயிலா எப்படி நின்று ஏற்றும் 😂

பிரபு: லீவு கிடைத்துவிட்டது. சனி இரவு வருகிறேன். ஏர்போர்ட்டுக்கு யார் வருகிறீர்கள்?

கார்த்திக்: சனி இரவு வண்டி திறந்து கிடக்கும் மச்சான்

மோகன்: டயர் யார் பணம்? நான் ஆர்சி புதுப்பித்தது, இன்சூரன்ஸ், எல்லாம் என் கையிலிருந்து

நிர்மலா: வீட்டையே வைத்துக்கொண்டு டயருக்குக் கணக்குக் கேட்கிறாய்

தணிகாசலம்: டயர் நான் வாங்குகிறேன். கேஸ்கெட் இரண்டாக வாங்கு கார்த்தி, ஒன்று மாட்டும்போது கிழிந்தாலும் கையில் இருக்கும்.

கவிதா: ❤️

சுமதி: ஒரு நிமிஷம். நேற்று இவர் வேனுக்கு 2,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்

நிர்மலா: யாரைக் கேட்டு?

மோகன்: திருப்பித் தர மாட்டானாம். எதற்கும் வேனும் வரட்டும்