செங்கல் வீட்டுச் சுவரில் உப்புப் பூக்கிறது, எந்தப் பெயின்ட் நல்லது?

தம்பலகாமத்தான்:
வணக்கம். அம்மம்மாவின் பழைய செங்கல் வீடு. போன வருசம்தான் பூசிப் பெயின்ட் அடித்தோம். இந்த மாரிக்குள்ளேயே வெள்ளையாக உப்புப் பூத்து, தட்டினால் பூச்சு அப்பளமாக உதிர்கிறது. எந்த வோட்டர்புரூஃப் பெயின்ட் நல்லது? பொங்கலுக்கு ஆட்கள் வருகிறார்கள், அவசரம்.

மூதூரான்:
உள்சுவரா வெளிச்சுவரா? தரையிலிருந்து எவ்வளவு உயரத்துக்கு? எதால் பூசினீர்கள்?

உப்புவெளி அக்கா:
கூரை ஒழுக்குத்தான் தம்பி. ஓடு விலகியிருக்கும், ஏறிப் பாருங்கள்.

தம்பலகாமத்தான்:
கூரை நல்லது அக்கா. இரண்டு பக்கமும், கீழிருந்து இடுப்பளவு. சீமெந்துதான் பூசினது, வேறு எதால் பூசுவது?

பெரியகடை:
இதற்கு இங்கே பல தடவை எழுதிவிட்டேன், தேடிப் பார்க்கிற பழக்கம் ஒருவருக்கும் இல்லை. பழைய வீடு சுண்ணாம்புச் சாந்தில் கட்டினது, அத்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்க ஒன்றும் இருக்காது, மண்ணின் ஈரம் செங்கல் வழியே ஏறும், சுண்ணாம்புப் பூச்சு அதைக் காற்றில் விட்டுவிடும். சீமெந்து விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் காயும் இடத்தில் உப்பு பளிங்காகிப் பூச்சையும் செங்கல்லின் முகத்தையும் தள்ளும். மேலே வோட்டர்புரூஃப் அடித்தால் ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறும்.

மூதூரான்:
தரைக்கு டைல்ஸ் போட்டீர்களா? தரையை மூடினால் ஈரம் சுவருக்குத்தான் போகும். பூச்சு விழுந்த இடத்தில் கல்லிடைச் சாந்தைத் திறப்பால் கீறிப் பாருங்கள்.

தம்பலகாமத்தான்:
டைல்ஸ் போட்டோம். கீறினால் வெள்ளை மாவாகக் கொட்டுகிறது, நடுவில் சிப்பித் துண்டு.

கிண்ணியா மாஸ்டர்:
சிப்பிச் சுண்ணாம்பா! அப்படியென்றால் ஒல்லாந்தர் காலத்து வீடு. உடைக்க வேண்டாம்.

பெரியகடை:
சுண்ணாம்பைக் கண்டவுடன் ஒல்லாந்தரா மாஸ்டர்? சீமெந்து பரவும் வரைக்கும், வெள்ளைக்காரன் காலத்திலும் அதில்தான் கட்டினார்கள். ஓடு என்ன ஓடு?

தம்பலகாமத்தான்:
தட்டை ஓடு, மங்களூர் என்று எழுத்து இருக்கிறது.

பெரியகடை:
முடிந்தது. பாசல் மிஷன் பாதிரிமார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினதே 1860களில். ஒல்லாந்தர் அதற்கு எவ்வளவோ முதலே போய்விட்டார்கள்.

உப்புவெளி அக்கா:
அது ஓட்டின் வயது, சுவரின் வயது இல்லை. 1964 டிசம்பர் சூறாவளி திருகோணமலையில் எத்தனை கூரையைத் தூக்கி எறிந்தது, அதற்குப் பிறகு கிடைத்த ஓட்டைத்தானே சனம் போட்டது.

கிண்ணியா மாஸ்டர்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். சுவரின் வயதைப் பார்க்கச் செங்கல்லின் நீளம், தடிப்பு அளந்து போடுங்கள்.

மூதூரான்:
வயது இருக்கட்டும். ஈரம் ஏறின உயரத்துக்கு ஓரடி மேலே வரை சீமெந்தை உளியால் மெதுவாக எடுங்கள், மெசின் வேண்டாம். உப்பைக் காய்ந்தபடியே தட்டித் துடையுங்கள், தண்ணீர் ஊற்றினால் திரும்ப உள்ளே போகும். வெளியே மண் உயர்ந்திருந்தால் வெட்டி இறக்குங்கள். கச்சான் காற்றில் நன்றாகக் காயவிட்டு, அப்புறம் நீற்றின சுண்ணாம்பு 1, கழுவின ஆற்றுமணல் 3. கடல்மணல் தொடவே வேண்டாம். பொங்கலுக்குள் நடக்காது.

தம்பலகாமத்தான்:
கீழே தட்டியாச்சு, ஈர மணம் குறைந்துவிட்டது. பொங்கல் அப்படியே. நன்றி.

கிண்ணியா மாஸ்டர்:
தம்பி, செங்கல் அளவு?