முல்லைத்தீவுத் தொகுதிக்கு நிற்பவர் எவர்? – கரையோர வாக்காளர்களின் அனுபவப் பகிர்வு

அளம்பிலிலிருந்து

2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலுக்கு ஒரு கிழமை முன்பு, மாதிரி வாக்குச்சீட்டுகளோடு செம்மலைப் பக்கம் வீடு வீடாகச் சென்றுகொண்டிருந்தேன். கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா சீட்டை வாங்கி, கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, எங்கட தொகுதிக்கு இதில ஆர் நிக்கினம்?" என்று கேட்டார். தொகுதிக்கென்று எவரும் நிற்பதில்லை, மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்த வன்னி மாவட்டத்துக்கு ஆறு பேர் தெரிவாவார்கள் என்று விளக்கினேன். அவர் வலையை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, "நான் முதல் போட்ட வோட்டு உதயசூரியனுக்கு, அப்ப எங்களுக்கெண்டு ஒரு ஆள் இருந்தவர்" என்றார்.

அவர் சொன்னது 1977 ஜூலைத் தேர்தல். அதுவரை வவுனியாத் தொகுதிக்குள் இருந்த இந்தக் கரையோரம் அந்தத் தேர்தலில்தான் தனித் தொகுதியாயிற்று. உதயசூரியன் சின்னத்தில் நின்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் எக்ஸ். எம். செல்லத்தம்பு தெரிவானார். 1983 ஓகஸ்டில் வந்த அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் கேட்ட, தனிநாடு கோரமாட்டோம் என்ற சத்தியப்பிரமாணத்தை ஏற்க மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் அவ்வாண்டிலேயே ஆசனங்களை இழந்தார்கள். 1989இல் மாவட்டந்தோறும் கட்சிகளின் வாக்கு வீதத்துக்கேற்ப ஆசனங்களைப் பகிரும் விகிதாசாரத் தேர்தல் நடந்தபோது தொகுதி என்பது வாக்கெண்ணுவதற்கான பிரிவாக மட்டும் எஞ்சியது. ஆகவே, முல்லைத்தீவு என்ற பெயரில் ஓர் உறுப்பினர் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்த காலம் ஏறத்தாழ ஆறு ஆண்டுகளே. அந்த அம்மாவின் வாழ்நாளில் அவருக்கென்று ஒருவர் இருந்த காலமும் அவ்வளவுதான் என்பதை அன்றிரவு கணக்குப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். அவரிடம் நான் சொன்ன விடை இன்றுவரை எனக்கு நிறைவு தரவில்லை.

புத்தளத்திலிருந்து, மன்னார் மாவட்டத்து முசலியைச் சேர்ந்தவன்

அளம்பில் நண்பரின் வருத்தத்தை மதிக்கிறேன். ஆனால் பழைய தொகுதி முறையை அவர் நினைவுகூரும் விதத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற முறையில், சிறுபான்மையாகச் சிதறிக் கிடக்கும் எங்களைப் போன்ற முஸ்லிம்களின் வாக்கு தோற்ற வாக்காகவே முடிந்திருக்கும். விகிதாசார முறை வந்த பிறகே வன்னியிலிருந்து ஒரு முஸ்லிம் உறுப்பினரைத் தொடர்ந்து அனுப்ப எங்களால் முடிகிறது.

என்னை விடாமல் துரத்தும் சம்பவம் வேறு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் எங்களை வெளியேற்றிய பிறகும் எங்களில் பலரின் பெயர்கள் மன்னார் வாக்காளர் இடாப்பிலேயே இருந்தன. 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் அன்று விடியுமுன் புத்தளத்திலிருந்து பேருந்துகளில் புறப்பட்டோம். தந்திரிமலைப் பகுதியில் பேருந்துகள் மீது கல்லெறிந்தார்கள், துப்பாக்கியாலும் சுட்டார்கள். எங்கள் பேருந்தின் கண்ணாடி உடைந்து உம்மாவின் மடியில் கொட்டியது. இருட்டில் அவர் கண்ணாடித் துகள்களைத் தட்டிவிட்டு முதலில் தேடியது தன் வாக்காளர் அட்டையை. அது கையில் பட்டதும்தான், "மகன், உனக்கு ஒண்டுமில்லையே?" என்று கேட்டார். அந்த வரிசையை நான் குறையாகச் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பும் உரிமைக்கு அவரிடம் இருந்த ஒரே சான்று அந்த அட்டை.

முள்ளிவாய்க்கால்

நான் சுருக்கமாக எழுதுகிறேன். 2010 ஏப்ரலில் பொதுத் தேர்தல் நடந்தபோது நாங்கள் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தோம். அப்பாவின் அடையாள அட்டை முந்தைய ஆண்டு நந்திக்கடலைக் கடக்கும்போது தண்ணீரோடு போய்விட்டது. தற்காலிக அட்டைக்கு விண்ணப்பித்திருந்தும் அது நேரத்துக்கு வரவில்லை. வாக்களிப்பு நாளன்று அவர் சவரம் செய்து, யாரோ கொடுத்த வெள்ளைச் சட்டையை அணிந்துகொண்டு, மாலை நான்கு மணிவரை கூடார வாசலில் உட்கார்ந்திருந்தார். அந்தத் தேர்தலில் வன்னியில் வாக்காளர்களில் பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லை. தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு மூன்று, ஐக்கிய மக்கள் சுதந்திர முன்னணிக்கு இரண்டு, ஐக்கிய தேசிய முன்னணிக்கு ஒன்று என்று ஆசனங்கள் பிரிந்தன. 2004இல் கூட்டமைப்பு இங்கே ஐந்து ஆசனங்களை வென்றிருந்தது. மக்கள் மனம் மாறினார்கள் என்று அன்று பத்திரிகைகளில் எழுதியவர்கள் அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் பார்த்ததில்லை.

வவுனியா, ஓய்வுபெற்ற ஆசிரியர்

முல்லைத்தீவுப் பிரிவின் வாக்குகளை எண்ணும் மண்டபம் ஒன்றில் ஒருமுறை கடமையில் இருந்தேன். ஒரு சீட்டில் வேட்பாளர் ஒருவரின் விருப்பு இலக்கத்தின் மீது தாள் கிழியுமளவுக்கு அழுத்திப் புள்ளடி இடப்பட்டிருந்தது. கட்சியின் சின்னத்துக்கு நேரே எதுவுமில்லை. அது நிராகரிக்கப்பட்டது. அந்தக் கிழிசலை என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே, இதை வாசிக்கும் பிள்ளைகளுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். முதலில் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ புள்ளடி இடுங்கள். அது இல்லாமல் விருப்பு வாக்கு செல்லாது. அதன் பிறகு அந்தப் பட்டியலின் வேட்பாளர்களில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கால் தெரிவு செய்யலாம். மூன்றைத் தாண்டினால் விருப்பு வாக்குகள் எண்ணப்படமாட்டா, கட்சிக்கான வாக்கு மட்டும் நிற்கும். ஆறு ஆசனங்களுக்கு ஒவ்வொரு பட்டியலிலும் ஒன்பது வேட்பாளர்கள் இருப்பார்கள். அந்த ஒன்பதில் கரையோரத்தவர் எத்தனை பேர் என்று வேட்புமனுவுக்கு முன்பே கட்சிகளைக் கேளுங்கள். அதன் பிறகு கேட்பதில் பயனில்லை. கரையோரத்துப் பட்டினங்களும் கிராமங்களும் தங்கள் விருப்பு வாக்குகளைச் சிதறடிக்காமல் இட்டால் மாவட்டப் பட்டியலுக்குள்ளும் தங்கள் ஆளைத் தெரிவு செய்யலாம். 2024இல் முல்லைத்தீவைச் சேர்ந்த துரைராசா ரவிகரன் தமிழரசுக் கட்சியின் ஒரே வன்னி உறுப்பினராகத் தெரிவானதை அளம்பில் தம்பி தம் கணக்கில் சேர்த்திருக்கலாம். மறுபுறம், மாவட்டத்தில் 5 வீதத்தை எட்டாத குழுக்களின் வாக்குகள் பகிர்விலேயே சேர்வதில்லை என்பதையும், அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் முதலிலேயே போய்விடுகிறது என்பதையும், ஊருக்கு ஒரு சுயேச்சைக் குழு என்று இறங்குகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கிராம அலுவலரிடம் ஆண்டுதோறும் இடாப்பைப் பாருங்கள். இடம்பெயர்ந்து மீண்ட குடும்பங்களில் ஒருவரின் பெயர் விடுபடுவது சாதாரணமாக நடக்கிறது.

கொக்குத்தொடுவாய்

ஆசிரியர் ஐயா இடாப்பைப் பற்றிச் சொன்னதால் இதை எழுதுகிறேன். 1984இன் இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டோம். போர் முடிந்த பிறகே திரும்பினோம். எங்கள் வயல் எங்களுடையது என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். காணி அனுமதிப்பத்திரம் இடப்பெயர்வில் அழிந்திருந்தது. முள்ளியவளையில் ஒரு பெரியவர் எண்பதுகளின் தொடக்கத்து வாக்காளர் இடாப்பின் பிரதி ஒன்றைப் பாதுகாத்து வைத்திருந்தார். எத்தனை இடப்பெயர்வுகளில் அதைச் சுமந்தார் என்று கேட்டதற்கு, அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அம்மாவை அழைத்துச் சென்று பக்கங்களைப் புரட்டினோம். வீட்டு இலக்கம், அப்பா, அதற்குக் கீழே அம்மா. அம்மாவுக்கு எழுத்து அவ்வளவாகத் தெரியாது. தன் பெயர் எது என்று கேட்டு, அந்த வரியின் மீது பெருவிரலை வைத்தவர் எடுக்கவேயில்லை. படிப்பிரதி எடுக்க வேண்டும் என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்தைக் காணி அலுவலகத்தில் கொடுத்தோம். அதிகாரி கோப்பில் சேர்த்துவிட்டு, இது வாக்குக்கான பட்டியல், காணிக்கான சான்று அல்ல என்றார். மேலிடத்துக்கு அனுப்பிப் பார்ப்பதாகவும் சொன்னார். அப்பாவின் வயல் இருந்த இடத்தில் இப்போது வேறொருவர் நெல் விதைக்கிறார். பிரதியின் இன்னொரு படியை அம்மா கோயில் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.