"எடுத்தாச்சு ஆச்சி" என்று பொய் சொன்னேன்: பாக்கெட் கேமரா வைத்திருக்கும் மும்பைக்காரர்களே, உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

செம்பூர்க்காரன்

போன பொங்கலிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. போரா பஜாரில் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கினேன். 2005 மாடல், சட்டைப்பையில் அடங்கும். இப்போது காலேஜ் பிள்ளைகள் எல்லாம் தேடி அலைகிறார்களே, அந்த ஆசைதான். கடைக்காரர் தன்னுடைய மெமரி கார்டைப் போட்டு இரண்டு படம் எடுத்துக் காட்டினார், சரி என்று வாங்கிவந்துவிட்டேன்.

பொங்கலன்று காலையில் தாராவி 90 அடி சாலை. தெரிந்ததுதானே, தெரு நெடுக அடுப்பு, கண்ணெல்லாம் புகை. வீட்டில் கிடந்த 64 ஜிபி கார்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சி ஒருவர் என் கையில் கேமராவைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பானைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். நுரை விளிம்புக்கு வந்துவிட்டது. பட்டனை அமுக்கினால் திரையில் கார்டு பிழை. அணைத்துப் போட்டேன், மறுபடியும் அதே. பால் பொங்கி வழிந்து, பானை கழுத்தில் கட்டிய மஞ்சள் கொத்து நனைந்து, குலவை போட்டு எல்லாம் முடிந்தது.

"எடுத்துட்டியாய்யா?" என்றார்.

"எடுத்தாச்சு ஆச்சி."

"கழுவிக் கொண்டாந்து குடுப்பியா?"

தலையாட்டினேன். போன் பேண்ட் பையிலேயேதான் இருந்தது. அதை எடுக்க ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள்.

ஃபோர்ட் பெரியவர்

தம்பி, பழி கேமரா மேல் இல்லை. 2006-க்கு முந்தைய கேமராக்களுக்குப் பெரும்பாலும் 2 ஜிபி வரைக்கும்தான் கார்டு தெரியும். அதற்கு மேல் 32 வரை எஸ்டிஹெச்சி என்கிற ரகம், அதையும் தாண்டினால் எஸ்டிஎக்ஸ்சி என்கிற ரகம். வெளியே பார்க்க மூன்றும் ஒரே அச்சு, உள்ளே கணக்கு வேறு. புதுக் கேமரா பழைய கார்டைப் படிக்கும், பழைய கேமராவுக்குப் புதுக் கார்டு புரியாது. கடைக்காரர் போட்டுக் காட்டிய கார்டு எத்தனை ஜிபி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் அடுத்து வாங்கப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். கடையிலேயே வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே இடத்தில் அழுக்குப் புள்ளி எல்லாப் படத்திலும் வந்தால் தூசி உள்ளே போய்விட்டது என்று அர்த்தம், இந்த ரகத்தில் லென்ஸைக் கழற்றித் துடைக்க வழி கிடையாது. ஜூமை நாலு தடவை முன்னும் பின்னும் ஓட்டிக் காதை வைத்துக் கேளுங்கள், அரைக்கிற சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். போன் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்த்து அடித்தால் பூஞ்சை சிலந்தி வலை மாதிரி தெரியும். பேட்டரியை மேசையில் மல்லாத்தி வைத்துச் சுற்றிப் பாருங்கள், சுற்றினால் உப்பியிருக்கிறது. சார்ஜர் கூடவே வருகிறதா? அந்தப் பேட்டரி இன்னும் விற்கிறார்களா? அதைக் கேட்காமல் வாங்கினால் மேசைமேல் வைக்கிற கல்தான்.

என் கதை இரண்டு வரி. நல்ல கேமரா ஒன்றைத் தோல் உறையில் போட்டு மரபீரோவில் பூட்டிவிட்டு ஜூன் மாதம் ஊருக்குப் போனேன். ஆகஸ்டில் திறந்தால் உறையில் பச்சை, லென்ஸில் வெள்ளை. அது மனைவி வாங்கிக் கொடுத்தது. நம்ம ஊர் மழைக்குத் தோல் உறை ஆகவே ஆகாது. காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிகா பொட்டலம், போதும்.

குர்லா டு தாதர்

பெரியவரே, கதையைவிடப் பாடம் நீளமாக இருக்கிறது :)

என்னுடையது பத்து விநாடிக் கதை. காலை 9 மணி லோக்கல் ரயில், பேண்ட் பையில் கேமரா. கூட்டம் நெருக்கியதில் யாரோ முழங்கையால் பவர் பட்டனை அமுக்கிவிட்டார். லென்ஸ் வெளியே வரப் பார்க்கிறது, பை விடவில்லை. கிர்ர்ர், கிர்ர்ர் என்று தொடையில் ஏதோ உயிர் போகிற மாதிரி. கையைக் கீழே கொண்டுபோக இடமில்லை. எதிரே நின்றவர் என் பேண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னால் போகவும் அவருக்கு இடமில்லை. தாதரில் இறங்கி எடுத்தேன். லென்ஸ் பாதியில் கோணலாக நின்றிருந்தது. அத்தோடு சரி.

சயான் ரமணி

இதற்கெல்லாம் பதில் ஒன்றுதான்: போன். கார்டும் வேண்டாம், பூஞ்சையும் வேண்டாம். அந்தக் காலத்துச் சின்ன கேமராவின் சென்சார், அதாவது உள்ளே வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு, சுமார் 6 மில்லிமீட்டர் அகலம். இன்றைய நல்ல போனில் அதைவிடப் பெரிதாகவே இருக்கிறது. எதற்கு இந்த ஏக்கம்?

கிர்காவ் மருமகன்

ரமணி அக்கா, சென்சார் கணக்கு பழைய கேமராவுக்குச் சரி. 2012-ல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 சட்டைப்பை அளவுதான், சென்சார் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், அந்தச் சின்னதைப்போல் நாலு மடங்குக்கும் மேல் பரப்பு. (பேர் 1 இன்ச் சென்சார், எந்தப் பக்கம் அளந்தாலும் 1 இன்ச் வராது, அது வேறு கூத்து.) அப்புறம் ஃபிளாஷ். போனில் இருப்பது எல்இடி, டார்ச் மாதிரிதான். கேமராவில் செனான் வாயு அடைத்த குழாய். கண்சிமிட்டுவதற்குள் அடித்துவிட்டுப் போய்விடும், ஆடுகிறவன் காற்றில் அப்படியே நிற்பான்.

அந்த ஃபிளாஷால்தான் எனக்கு வினை. சில வருடம் முன்பு கிர்காவ் சௌபாத்தியில் விசர்ஜன், தூறல், நல்ல இருட்டு. பிள்ளையாரைத் தண்ணீருக்குள் இறக்குகிற நேரம் ஒரே ஒரு படம் எடுத்தேன். வீட்டில் வந்து பார்த்தால் சிலையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். அத்தை பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தேவர்களெல்லாம் வந்திருக்காங்கடா."

சின்ன கேமராவில் ஃபிளாஷும் லென்ஸும் ஒரு விரல்கடை தூரத்தில் இருக்கும். கண்முன்னால் விழுகிற மழைத்துளியில் வெளிச்சம் பட்டு நேராக லென்ஸுக்கே திரும்பி, ஃபோகஸ் இல்லாமல் வட்டமாக விழுகிறது. அவ்வளவுதான் தேவர்கள். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தை அதை ஊரில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். இப்போது சட்டம் போட்டுப் பூஜையறையில் இருக்கிறது. போகும்போதெல்லாம் எனக்கும் சேர்த்து அதற்கு ஆரத்தி காட்டுகிறார், நானும் ஒற்றிக்கொள்கிறேன்.

மாட்டுங்கா மாமி

அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள், பாவம்.

நான் சிவ்ரிக்குப் பூநாரை பார்க்கப் போனேன். தண்ணீர் ஏறுகிற நேரம் பார்த்துப் போனால் பறவைகள் கரைப்பக்கம் ஒதுங்கும் என்றார்கள், ஒதுங்கின, ஆனாலும் தூரம். என் கேமராப் பெட்டியில் 12 மடங்கு ஜூம் என்று போட்டிருந்தது. அதில் 3 மடங்குதான் லென்ஸ் நீள்வது, அதன்மேல் இன்னொரு 4 மடங்கு பெருக்கல் படத்தையே இழுத்துக் காட்டுவது என்று அங்கே போய்த்தான் புரிந்தது. சேற்றில் ரோஜா நிறப் பொட்டுகள், அவ்வளவுதான். பக்கத்தில் பீரங்கி மாதிரி லென்ஸ் வைத்திருந்த பையன்கள் என் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

முக்காலியில் தொலைநோக்கி வைத்திருந்த ஒரு வயசானவர் மட்டும் "இதர் லாவ்" (இங்கே கொண்டா) என்று கூப்பிட்டு, என் கேமராவை அவருடைய கண்ணாடித் துளையில் ஒட்டிவைத்து, ஆடாமல் கையாலேயே பிடித்துக்கொண்டார். சின்ன லென்ஸ் என்பதால்தான் அப்படி ஒட்டுகிறதாம், அந்தப் பெரிய கேமராக்களில் முடியாதாம். கறுப்பு வட்டத்துக்குள் ஒரு பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றில் வைத்து அலசிக்கொண்டிருந்தது. கண் மஞ்சளாகத் தெரிந்தது!

படத்தின் ஓரத்தில் அவர் கட்டைவிரல் விழுந்திருக்கிறது. பேர் கேட்கவில்லை. நன்றி சொன்னேனா என்பதுகூட நினைவில்லை.

செம்பூர்க்காரன்

பெரியவரே, கோபம் இல்லை. 2 ஜிபி கார்டு கிடைத்துவிட்டது, கேமரா நன்றாகவே வேலை செய்கிறது. முதல் படமாக எங்கள் வீட்டுக் குக்கரை எடுத்தேன். ரமணி அக்கா, போன் இருந்தும் எடுக்கவில்லை என்பதுதானே என் பிரச்சினையே.

ஆச்சி எந்தச் சந்து என்று தெரியும். இரண்டு தடவை அந்தப் பக்கம் போய், முனையிலிருக்கும் டீக்கடையோடு திரும்பி வந்துவிட்டேன்.

குர்லா டு தாதர்

கார்டு எங்கே கிடைத்தது, என்ன விலை? என் மச்சானுக்கும் ஒன்று வேண்டும்.