பழைய வண்டிக்கு மலிவான சைடு பை: மாட்டிய கதைகளும் மாட்டிக்கொண்ட கதைகளும்

நாமக்கல் இருவீச்சு

யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கு வண்டியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1996-இல் தயாரிப்பு நின்றுபோனது. இன்று கடையில் தொங்கும் சைடு பைகள் எல்லாம் அதைவிட இரண்டு மடங்கு கனமான வண்டிகளை மனத்தில் வைத்துத் தைத்தவை. ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று சொல்லிக் கடைக்காரர் 1,400 ரூபாய்க்கு ஒரு ஜோடியை என் தலையில் கட்டினார். அதை மாட்டிக்கொண்டு கொல்லிமலைக்குக் கிளம்பினேன்.

காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலை ஏறியிருப்பேன். எதிரே மொபெட்டில் வாழைத்தாரோடு இறங்கி வந்த பெரியவர், “தம்பி, வலது பக்கம் புகைகிறது” என்று கத்தினார். நிறுத்திப் பார்த்தால் பையின் அடிப்பகுதி சைலன்சரோடு ஒட்டிக்கிடக்கிறது. இழுத்தால் நைலான் கம்பிப் பதத்துப் பாகுபோல நீண்டு வருகிறது. உள்ளே அறப்பளீஸ்வரர் கோயிலுக்காகக் கொண்டுவந்த வேட்டி. நான்காக மடித்து வைத்திருந்தேன். பிரித்தபோது நான்கு ஓட்டைகள், அளவெடுத்துப் போட்டதுபோல் சம தூரத்தில், ஒவ்வொன்றையும் சுற்றிப் பழுப்பு வளையம்.

பெரியவர் சிரிக்கவில்லை. தாரைக் கட்டியிருந்த வாழை நாரில் கொஞ்சம் உருவி, இரண்டு பைகளையும் சீட்டின் மேல் வைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். பையின் சொந்தக் கொக்கி வழியிலேயே கழன்று விழுந்தது. நார் ஊர் திரும்பும்வரை அவிழவில்லை.

சைலன்சர் பக்கத்துக்கு நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்? 2,500 ரூபாய்க்குள் சொல்லுங்கள்.

வார்ப்பிரும்பு புல்லட்

வேலூர் பக்கத்தில் சீட் கவர் தைக்கும் ஒரு பாய் இருக்கிறார். என் வண்டி 1984 மாடல், வலது காலில் கியர். “பை தைக்க வேண்டும்” என்றேன். தையல் மெஷினிலிருந்து எழாமலேயே, “துணியா, ஸ்பேனரா?” என்று கேட்டார். புரியவில்லை. “உள்ளே என்ன போகும் என்று சொல்லுங்கள். துணிக்குத் தைத்த பையில் இரும்பைப் போட்டால் ஒரே மாதத்தில் வாய் கிழிந்து திரும்பி வருவீர்கள், என்னைத்தான் திட்டுவீர்கள்.”

பிறகு என்னை வண்டியில் உட்காரச் சொன்னார். பின்சீட்டில் தானே இரண்டு கையையும் ஊன்றி, முழு எடையையும் போட்டு அழுத்தினார். வண்டி தணிந்தது. அந்த நிலையில் சைலன்சருக்கு மேலே விரல்களை அடுக்கி, “நான்கு விரல் இடைவெளி இங்கே” என்றார். உள்ளங்கையைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து, “இங்கே இவ்வளவு” என்றார். டேப் எடுத்தது அதற்குப் பிறகுதான், அதுவும் எனக்குக் காட்டுவதற்காக என்றே நினைக்கிறேன்.

லாரித் தார்ப்பாய்க் கித்தான். சக்கரத்தைப் பார்க்கும் சுவரில் மெல்லிய பிளைவுட். பட்டை பையோடு சேரும் இடங்களில் சதுரமாக ஒரு தையல், அதன் நடுவே பெருக்கல் குறிபோல இன்னொன்று. ஜிப் வேண்டும் என்றேன், மறுத்துவிட்டார்: “மண் ஏறினால் ஜிப் செத்துவிடும், பக்கிள் போதும்.” மழைக்கு என்ன செய்வது என்றேன். “மழையைப் பை தடுக்காது. யூரியா மூட்டைக்குள் பிளாஸ்டிக் உள்ளுறை இருக்குமே, அதைக் கழுவிக் காயவைத்து உள்ளே போடுங்கள், வாயை முறுக்கிக் கட்டுங்கள்.” அதன் பிறகும் ஆசைப்பட்டு ரெயின் கவர் வாங்கினேன், நெடுஞ்சாலையில் காற்று அதை எடுத்துக்கொண்டது. உரச்சாக்கு உறை இன்றும் பையில் இருக்கிறது.

சாமான், கூலி எல்லாம் சேர்த்து ஜோடி 1,100 ரூபாய்.

ஆம்பூர்க்காரன்

கித்தான் கித்தான் என்கிறீர்கள். நனைந்த கித்தான் என்ன எடை என்று யாராவது தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? புல்லட் அண்ணன் மழையில் போய்விட்டு வந்து அந்தப் பையை ஒரு நாள் மூடி வைக்கட்டும், பிறகு முகர்ந்து பார்த்துவிட்டு எழுதட்டும்.

என் கதை இதுதான். இணையத்தில் ‘அசல் தோல்’ என்று போட்டு ஒரு ஜோடி 1,900 ரூபாய்க்கு விற்றார்கள். படத்தில் அழகாக இருந்தது, வாங்கினேன். அப்பா தோல் பதனிடும் தொழிலில் ஓய்வு பெற்றவர். பெட்டியைப் பிரித்ததும் ஒரு முறை முகர்ந்தார். வெட்டிய ஓரத்தை நகத்தால் சுரண்டினார். தூள் உதிர்ந்தது. “இது தோல் இல்லை, தோல் தூளைப் பசை போட்டுத் துணிமேல் ஒட்டியிருக்கிறான்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். ஐப்பசி மழை முடிவதற்குள் பை பாம்புச் சட்டை உரிவதுபோல் உரிந்தது.

மலிவாகத் தோல் வேண்டுமென்றால் பையாக வாங்காதீர்கள், துண்டுத் தோலாக வாங்குங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தொழிற்சாலைக் கழிவுத் துண்டுகள் எடை போட்டு விற்பார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடும் பழைய முறைத் தோல் கிடைத்தால் விடாதீர்கள். ஓரத்தை வெட்டிப் பாருங்கள்: மேலிருந்து கீழ்வரை ஒரே நாராக இருந்தால் தோல், நடுவில் துணி எட்டிப் பார்த்தால் நடையைக் கட்டுங்கள். பூஞ்சை வரும், இல்லை என்று சொல்ல மாட்டேன். நிழலில் உலர்த்தி, ஆமணக்கு எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிதாகத் தேய்த்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்கு நாற்றம் போகாது.

வார்ப்பிரும்பு புல்லட்

தம்பி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கித்தான் காய ஒரு வெயில் போதும். உங்கள் தோலுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட ஓர் ஆள் வேண்டும். நாமக்கல்காரர் கேட்டது 2,500 ரூபாய்க்குள், அவர் ஆவாரம்பட்டை கேட்கவில்லை.

இரட்டைக்குழல் சேலம்

இரண்டு பேரும் பையின் துணியைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். என் வண்டி யெஸ்டி, இரண்டு பக்கமும் சைலன்சர். எந்தப் பை போட்டாலும் வேகும். பையைத் தாங்கிப் பிடிக்கும் கம்பி, ‘ஸ்டே’ என்பார்கள், அதை வைக்கலாம் என்று செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வெல்டரிடம் போனேன். அவர் ஸ்பேனரால் சேஸிஸ் குழாயை மெல்லத் தட்டி, குனிந்து காது கொடுத்துக் கேட்டார். இன்னும் இரண்டு இடத்தில் தட்டினார். “இந்தக் குழாயில் என் நெருப்பு படாது, உள்ளே எவ்வளவு துரு தின்றிருக்கிறது என்று தெரியாமல் பற்ற வைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். காசு வேண்டாம் என்று சொன்ன வெல்டரை அன்றைக்குத்தான் பார்த்தேன். மறுநாள் வரச் சொல்லி, போல்ட்டிலேயே மாட்டுகிற மாதிரி ஸ்டே வளைத்துக் கொடுத்தார்: மேல் முனை ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டில், கீழ் முனை பின் ஃபுட்ரெஸ்ட் போல்ட்டில். இரண்டு பக்கத்துக்கும் 700 ரூபாய். கதை இவ்வளவுதான்.

இனி, நாமக்கல் தம்பிக்கு. காசை முதலில் ஸ்டேவில் போடுங்கள், மிச்சம் இருப்பதில் பை வாங்குங்கள். ஸ்டே சரியாக இருந்தால் மளிகைக் கடைக் கட்டைப் பைகூட நிற்கும். ஸ்டே இல்லாவிட்டால் பத்தாயிரம் ரூபாய்ப் பையும் சக்கரத்தைத் தேடித்தான் போகும். உங்கள் வண்டியில் இடது பக்கம் சாரி கார்டு இருக்கிறது, பை அதன்மேல் சாய்ந்துகொள்ளும். சைலன்சர் இருக்கும் வலது பக்கம்தான் கேட்பாரற்றுக் கிடக்கிறது, அந்தப் பக்கத்துக்கு மட்டும் கம்பி வளைத்தால் செலவு பாதி. சிலர் அழகுக்காகச் சாரி கார்டைக் கழற்றிவிட்டுப் பையை மாட்டுகிறார்கள். அந்தத் தடுப்பு பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூட வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி. சட்டத்தை விடுங்கள், சேலை சிக்கினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

மலிவுப் பைகளில் பட்டை பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். 160 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உருகத் தொடங்கும். நைலான் பட்டை உருக 220-ஐ ஒட்டிப் போக வேண்டும். விலை வித்தியாசம் மீட்டருக்குச் சில ரூபாய்தான், சீட் கவர் கடையில் சொன்னால் மாற்றித் தைத்துவிடுவார்கள். பட்டையைச் சீட்டின் மேலே போடாதீர்கள், போல்ட்டைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் போடுங்கள். இல்லாவிட்டால் ரெக்சின் அறுந்துவிடும், பழைய சீட்டுக்கு ஃபோம் கிடைப்பது பையைவிடக் கடினம்.

இரண்டு பக்கமும் எடை ஒன்றாக இருக்கட்டும். கனமான சாமான் அடியில், முன்பக்கமாக. பின் அச்சுக்குப் பின்னால் எடையைத் தள்ளத் தள்ள முன்சக்கரம் லேசாகும், வேகம் கூடினால் ஹேண்டில் ஆடத் தொடங்கும். ஷாக் அப்சார்பரை ஒரு படி கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். பை மாட்டிய பிறகு பத்தடி பின்னால் போய் நின்று பாருங்கள், இண்டிகேட்டர் தெரிகிறதா என்று. பழைய வண்டிகளில் அது தாழ்வாக இருக்கும், பாதிப் பேருக்கு மறைந்துவிடுகிறது. சைலன்சர் சூட்டைத் தடுக்க அலுமினியத் தகட்டைப் பையிலேயே தைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். தகடு ஸ்டேயில் இருக்க வேண்டும், பைக்கும் தகட்டுக்கும் நடுவே காற்று போக வேண்டும். தொட்டுக்கொண்டிருக்கும் தகடு சூட்டை அப்படியே பைக்குக் கொடுத்துவிடும்.

பின்னிருக்கை

இவ்வளவு நேரமாக எல்லோரும் சக்கரத்துக்கு எவ்வளவு இடம், சைலன்சருக்கு எவ்வளவு இடம் என்று அளந்துகொண்டிருக்கிறீர்கள். பின்னால் உட்காருகிறவரின் காலுக்கு எவ்வளவு இடம் என்று ஒருவராவது எழுதியிருக்கிறீர்களா?

என் கணவர் ஸ்ப்ளெண்டருக்குப் பை வாங்கினார். திருவண்ணாமலை போவதாகத் திட்டம். வாசலில் மாமியார், பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் வழியனுப்ப நிற்கிறார்கள். நான் சேலை. எப்போதும்போல இடது பக்கம் ஒருக்களித்து உட்காரப் போனால் அங்கே பை, தொப்பை தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கால் வைக்கும் பலகையே தெரியவில்லை. அவர் முன்னால் உட்கார்ந்து வண்டியை உறுமவிட்டபடி “ஏறு, ஏறு” என்கிறார். மாமியார் ஒரு வார்த்தைதான் சொன்னார்: “அவளை இறக்கிவிட்டுப் பையைக் கூட்டிக்கொண்டு போ.”

உள்ளே போய்ச் சுடிதார் மாற்றிக்கொண்டு வந்தேன். அப்போதும் குதிகால் பையில் இடித்துக்கொண்டே இருந்தது, செங்கத்தில் இறங்கும்போது கெண்டைக்கால் மரத்துப்போயிருந்தது. சேலம்காரர் அண்ணா எடையை முன்பக்கமாகத் தள்ளச் சொல்கிறார். முன்பக்கம் என்பது எங்கள் கால் இருக்கும் இடம். வாங்கும்போது பின்னால் உட்காரப் போகிறவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இரட்டைக்குழல் சேலம்

நியாயம்தான் அம்மா. நான் தனியாகவே போகிறவன். பையின் முன்பக்க மூலையைச் சாய்வாக வெட்டித் தைக்கச் சொன்னால் குதிகால் இடிக்காது. இடது பக்கப் பையைச் சிறியதாகவும் தைக்கலாம்.

பின்னிருக்கை

எடை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?

கிளிநொச்சி எம்.டி.

எங்கள் பக்கம் இந்தப் பிரச்சினையே இல்லை. ஹோண்டா எம்.டி. 90 ஜப்பானில் தபால்காரருக்காகச் செய்த வண்டி. முன்னாலும் பின்னாலும் கரியர் வண்டியோடு வருகிறது. பின் கரியரில் ஒரு மீன் பெட்டியைக் கட்டினால் அலுவல் முடிந்தது. ஒருமுறை பரந்தன் சந்தியில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது ஒரு மீன் வியாபாரி என் புதுப் பையை உற்றுப் பார்த்துவிட்டு, “இதுக்குள்ள ஐஸ் நிக்குமோ?” என்று கேட்டார். நிற்காது என்றேன். “அப்ப என்னத்துக்கு?” அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஆம்பூர்க்காரன்

தோல் பையிலும் ஐஸ் நிற்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நனைந்த கித்தான் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

மேலூர் விற்பனையாளர்

மருந்துக் கம்பெனிக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவன். என் பழைய சிடி 100 வண்டியில் பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் 350 ரூபாய்க்கு வாங்கிய காக்கிப் பை. பட்டாளத்துப் பை என்று சொல்லி விற்றான், எந்தப் பட்டாளமோ. துவரங்குறிச்சியில் டீ குடிக்க நிறுத்தினேன். வெளியே வந்து பார்த்தால் இரண்டு பக்கிளும் திறந்து கிடக்கின்றன. மழைக்கோட்டு இல்லை, டிபன் பாக்ஸ் இல்லை, டாக்டர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த பேனாக்கள் இல்லை. இருமல் மருந்து மாதிரிப் பாட்டில்களை மட்டும் எடுத்து வரிசையாகச் சீட்டின் மேல் நிறுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பையை உருவிக்கொண்டு போக ஒரு நிமிடம் ஆகாது, ஆனால் அது அவனுக்கும் வேண்டாம்.

பூட்டுப் போடலாமே என்று யாரும் எழுத வேண்டாம். கித்தானுக்குப் பூட்டுப் போட்டால் பிளேடு போடுவான், பையும் போகும்.