நெல் பாரத்துடன் ஓடும்போது வெப்பமானி முள் ஏறுகிறது: அவசர உதவி தேவை

வயற்காரன்
வணக்கம். நெல் மூட்டை ஏற்றினால் எனது கெப் வாகனம் அளவுக்கு மீறிச் சூடாகிறது. வெப்பமானி முள் சிவப்புக் கோடு வரை போகிறது. எஞ்சினின் ஹெட்டுக்கும் அடிப்பகுதிக்கும் இடையே இருக்கும் ஹெட் கஸ்கெற் போய்விட்டது, எஞ்சினைக் கழற்ற வேண்டும் என்று கராஜில் சொல்கிறார்கள். காலபோக அறுவடை நடப்பதால் வாகனத்தை நிறுத்திவைக்க வழியில்லை. என்ன செய்யலாம்? விரைவாகப் பதில் தாருங்கள்.

மாங்குளம் சாரதி
தம்பி, எந்த வாகனம், எந்த எஞ்சின் என்று எழுதவில்லையே. முள் ஏறுவது நின்றபடி உறுமும்போதா, வீதியில் வேகமாக ஓடும்போதா? தண்ணீர் குறைகிறதா? இவை தெரியாமல் எவரும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது.

வன்னிக்காற்று
நீரின் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் அந்தத் தெர்மோஸ்ரற் வால்வைக் கழற்றி வீசுங்கள். குளிர்நாட்டுக்காரனுக்குத் தேவையான பொருள் நமது வெயிலுக்கு எதற்கு? எனது பட்டா சிறு லொறியில் கழற்றிய பிறகு முள் அசைந்ததே இல்லை.

பழைய டீசல்
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதிவிட்டேன்; தேடிப் படிக்கும் பழக்கம்தான் எவருக்கும் இல்லை. வன்னிக்காற்று அவர்களுக்கு: தெர்மோஸ்ரற் ஏறக்குறைய 82 பாகை செல்சியசில் திறக்கத் தொடங்கும். சில எஞ்சின்களில் அது திறக்கும்போதே குறுக்குவழியையும் அடைக்கிறது. அதைக் கழற்றினால் நீரில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே திரும்பி வந்து, சூடு கூடும். முள் அசையவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்வதற்கு முன், அந்த முள் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

முத்தையன்கட்டு
கிணற்று நீர்தான் காரணம். கேத்தலில் படியும் அதே வெள்ளைக் கல் ரேடியேற்றர்க் குழாய்களிலும் படிகிறது. மழைநீர் ஊற்றுங்கள்.

வன்னிக்காற்று
மழைநீர் ஊற்றினால் துருப்பிடிக்காதா?

பழைய டீசல்
எந்த நீரும் தனியே போதாது. காய்ச்சி வடித்த நீரும் கூலன்ற்றும் சரிபாதியாகக் கலக்க வேண்டும். துருவைத் தடுப்பதற்கும் கொதிநிலையை உயர்த்துவதற்கும்தான் கூலன்ற்; பச்சை நிறம் அழகுக்கு அன்று.

வயற்காரன்
மிற்சுபிசி எல் 200, 4டி56 டீசல் எஞ்சின், குளிரூட்டி உண்டு. தண்ணீர் குறையவில்லை. பரந்தன் வீதியில் வேகம் பிடித்தால் முள் ஏறுகிறது, மெதுவாகப் போனால் இறங்குகிறது. குளிரூட்டியைப் போட்டால் இன்னும் விரைவாக ஏறுகிறது.

பரந்தன் கராஜ்
இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். விசிறியின் பிடிப்புத் தளர்ந்திருந்தால் நிற்கும்போதும் ஊரும்போதும்தான் சூடு ஏறும். ஓட்டத்தில் காற்று அடித்ததும் இறங்கும். உங்களுக்கு அதற்கு நேர்மாறாக நடப்பதால், ரேடியேற்றரின் உள்ளே நீரோ வெளியே காற்றோ தடைப்படுகிறது என்றே நினைக்கிறேன். வயலுக்குள் இறங்கி, நெல் வெட்டும் இயந்திரத்தின் அருகிலேயே மூட்டை ஏற்றுகிறீர்கள் அல்லவா? குளிரூட்டியின் கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையே ஒடுங்கிய இடைவெளி ஒன்று உண்டு. பதரும் வைக்கோல் தூசியும் அதற்குள் புகுந்து, பனித்துளி பட்டு, கம்பளி போல ஒட்டிக்கொள்ளும். முன்னால் நின்று பார்த்தால் கண்டென்சர்தான் துப்புரவாகத் தெரியும். மேல் தகட்டைக் கழற்றி இடைவெளிக்குள் ரோச் அடித்துப் பாருங்கள். எஞ்சின் ஆறிய பின், விசிறிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி மெல்லிய தாரையாக நீர் அடிக்க வேண்டும். சேர்விஸ் நிலையத்து அழுத்தத்தில் அடித்தால் தகட்டு இதழ்கள் மடிந்துவிடும்.

ஹெட் கஸ்கெற் பற்றிய பயத்தையும் செலவில்லாமல் தீர்க்கலாம். காலையில், எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்து இயக்குங்கள். குமிழிகள் ஓயாமல் வந்தாலோ, மூடியை இட்டு இயக்கிய உடனே, சூடேறும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ கராஜ்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விட்டதும் நீர் கொதித்து முகத்தில் அடிக்கும். சிவப்புக் கோட்டைத் தொட்ட பிறகும் ஓட்டாதீர்கள். அந்த எஞ்சினின் ஹெட் அலுமினியம், அடிப்பகுதி வார்ப்பிரும்பு. சூடு மிஞ்சினால் ஹெட் வளையும், அதில் கீறல் விழவும் கூடும்.

வன்னிக்காற்று
அப்படியானால் தெர்மோஸ்ரற் பிரச்சினையே இல்லையா?

பரந்தன் கராஜ்
முழுதாகத் திறக்காவிட்டால் அதுவும் இப்படிச் செய்யும். நீரைச் சூடாக்கி, அதற்குள் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பழுதென்றால் புதியது போடுங்கள், வெற்றிடமாக விடாதீர்கள்.

வயற்காரன்
குமிழி இல்லை. இடைவெளியிலிருந்து பதர் அள்ளி எடுத்தேன். பாரத்துடன் கிளிநொச்சி வரை போனேன், முள் பாதியைத் தாண்டவில்லை. நன்றி அண்ணா.

பழைய டீசல்
குளிரூட்டியைப் போட்டு ஓட்டினீர்களா, அணைத்து ஓட்டினீர்களா?

மாங்குளம் சாரதி
அறுவடை முடிந்துதான் இனி இந்தப் பக்கம் வருவார்.