புதுப்பிப்பு: சிங்கப்பூர், துபாய் போகிறவர்கள் பெட்டியில் கசகசா வேண்டாம்

மதுரையிலிருந்து சிங்கப்பூர், துபாய்க்கு வேலைக்குப் போகிறவர்கள் என்னென்ன எடுத்துப் போகலாம் என்ற முந்தைய பதிவில், “வீட்டு மசாலாப் பொடி தாராளமாக வைக்கலாம்” என்று எழுதியிருந்தேன். அதில் ஒரு முக்கியமான திருத்தம்.

கசகசா அபினிச் செடியின் விதை. காயின் பால் ஒட்டியிருப்பதால் மார்ஃபின் தடயம் இருக்கும். அதனால் இரு நாடுகளிலும் அது தடைப் பொருள். தனிப் பொட்டலமாக இருந்தால் எல்லோரும் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடுவார்கள். மாட்டிவிடுவது கறிமசாலாப் பொடிதான். நம் ஊரில் கறிக்குழம்புக்கு வறுத்து அரைக்கும்போது கசகசாவையும் சேர்த்தே மில்லுக்குக் கொடுப்பார்கள், அரைத்தபின் பார்த்தால் தெரியாது. அம்மாவிடமோ அத்தையிடமோ கேட்டுவிட்டு, வெளிநாட்டுக்கென்று கசகசா இல்லாமல் தனியாக அரையுங்கள்: மல்லி, மிளகாய், சீரகம், சோம்பு, மிளகு, பட்டை, கிராம்பு. குழம்பு கெட்டிப்பட, அங்கே போய் நாலு முந்திரி அரைத்து ஊற்றினால் போதும். பொட்டலத்தின் மேல் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள்.

உப்புக்கண்டமும் சிங்கப்பூருக்கு ஆகாது.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட் அவர். விமானத்தில் அனுமதிக்கும் 100 வாட் அவர் வரம்புக்குள் இருப்பதால் பிரச்சினையில்லை. மேலே அச்சிட்ட இந்த அளவு எண் அழிந்துபோனதை எடுக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துவிடலாம்.