சிங்கப்பூர் செம்பவாங் கம்பத்துக்காரங்க (கிராமத்து ஆளுங்க) தானா போனாங்களா, அனுப்பி வச்சாங்களா?

கேன்பராவாசி:
கேன்பரா எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்துல பிடிஓ வீடு, அரசாங்கம் கட்டித் தர்ற புது அடுக்குமாடி. போன மாசம்தான் சாவி வாங்கினோம். பார்க்க வந்த அப்பா சன்னலோரம் நின்னு, "இந்தப் பக்கந்தான்டா நம்ம கம்பம்"னார். மேற்கொண்டு கேட்டா வாயே திறக்கல. எப்படிக் காலியாச்சு? வடக்குல இருந்தவங்க சொல்லுங்களேன்.

பழைய சோங் பாங்:
தம்பி, எங்கப்பா செம்பவாங்ல இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துல பெயின்டர். 1971க்குள்ள கிளம்பிடுவோம்னு வெள்ளைக்காரன் 1968ல சொன்னப்போ எல்லார் வயித்துலயும் புளியைக் கரைச்சது. ஆனா தளம் கப்பல் பட்டறையாச்சு, அப்பா வேலை தப்பிச்சது. அதனால வேலை போய்க் கம்பம் அழிஞ்சதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நிலம் எடுத்தாங்க, அவ்வளவுதான்.

எண்பதுகள்ல ஒருநாள் இழப்பீட்டுக் கணக்கு எடுக்க அதிகாரி வந்தார், காதுல பென்சில் சொருகிக்கிட்டு. கூரை தகரமா அத்தாப்பு ஓலையா, தரை சிமெண்டா மண்ணான்னு பார்த்தார். அப்புறம் மரம் எண்ணினார். ரம்புத்தான் நாலு, தென்னை ரெண்டு. முருங்கையை விட்டுட்டார். அம்மா கொல்லைக்கே கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. சிரிச்சார், எழுதல. சாகுற வரைக்கும் அம்மாவுக்கு அந்த முருங்கைக் கணக்கு தீரல.

சட்டப்புள்ளி:
1966 நிலம் கையகப்படுத்தும் சட்டம்தான் ஆணிவேர். 1960ல அரசு கையில 44 விழுக்காடு நிலம், 1985ல 76. நிலத்துக்குச் சொந்தக்காரங்க பாடு இன்னும் மோசம். ரொம்ப வருஷம் 1973 நவம்பர் 30 விலையைத் தாண்டி இழப்பீடு கிடையாது. சந்தை எங்கே ஏறினாலும் சரி.

ஈசூன் அக்கா:
எனக்கு ஏக்கமெல்லாம் இல்லப்பா. வாளிக் கக்கூஸும் மழைக்கு மழை வெள்ளமும் கண்டவ நான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுல முதல் நாள் குழாயைத் திறந்து திறந்து மூடினேன். 1988 கடைசியில ஈசூனுக்கு எம்ஆர்டியும் வந்துடுச்சு. அக்கம்பக்கம் சிதறினதுதான் வலி. கேன்பரா ரோட்டுல மரத்தடியில இருந்த நம்ம பாலசுப்பிரமணியர் கோயிலும் ஈசூன் தொழிற்பேட்டைக்கு வந்துடுச்சே. பங்குனி உத்திரத்துக்குப் போனா பழைய முகம் நாலு தட்டுப்படும்.

கேன்பராவாசி:
முருங்கை கதையை அப்பாகிட்ட வாசிச்சேன். "நம்ம பலாவை எண்ணினான்டா"ன்னு ஆரம்பிச்சவர் ராத்திரி பன்னெண்டு வரைக்கும் நிறுத்தல. சோங் பாங் ஐயா, கோழிப்பண்ணைக்குப் பின்னால இருந்த வீடா நீங்கன்னு கேக்கச் சொல்றார்.